18 இனிங்ஸும் 233 இனிங்ஸும்

(மாத்தளை மாவட்டத்து மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் ரிவர்ஸ்டனில் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மகாதேவா சதாசிவம் பெரிய துடுப்பாட்ட வீரரா, குமார் சங்கக்கார பெரியவரா? இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். கொழும்பிலே பழைய ஆட்களிடம் கேட்டால் யோசிக்காமல் சதாசிவம் என்பார்கள். உங்களிடம் கேட்டால் சங்கக்கார என்பீர்கள். இரண்டு பக்கத்தாரும் தாங்கள் கண்ணால் பார்த்தவரையோ, அப்பாவும் தாத்தாவும் சொல்லக் கேட்டவரையோதான் சொல்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒரு காலத்து வீரரையும் இன்னொரு காலத்து வீரரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கக் கணக்கு வழியாக ஒரு முறை இருக்கிறது. அந்த முறையை நேர்மையாகக் கையாண்டால் அது என்ன சொல்லும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் என்று பார்க்க ஆசைப்படுகிறேன்.

சங்கக்கார இந்த மாவட்டத்துப் பிள்ளை. 1977 ஒக்டோபர் 27ஆம் திகதி மாத்தளையில் பிறந்தவர். அதே ஆண்டு ஜூலை 9ஆம் திகதி சதாசிவம் காலமானார். ஒருவர் போய் நாலு மாதம் ஆவதற்குள் மற்றவர் வந்திருக்கிறார். இவர்கள் ஒரே மைதானத்தில் நிற்க வழியே இருக்கவில்லை. ஆனால் ஒரே மைதானம் இருவரையும் பார்த்திருக்கிறது. தமிழ் யூனியன் கழகத்தின் கொழும்பு ஓவல், இன்றைக்கு பி. சரவணமுத்து மைதானம் என்கிறோமே, அதுதான் சதாசிவத்தின் வீடு. 2015 ஓகஸ்டில் சங்கக்கார தன்னுடைய கடைசி டெஸ்ட்டை இந்தியாவுக்கு எதிராக ஆடியதும் அங்கேதான். இரண்டு இனிங்ஸிலும் அவரை ஆட்டமிழக்கச் செய்தவர் சென்னைக்காரர் அஸ்வின். சதாசிவத்தின் புகழ்பெற்ற இனிங்ஸ் பிறந்ததும் சென்னையில்தான். 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் எடுத்த 215 ஓட்டங்களைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் பல வருடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிக் காலம் கடந்து ஒப்பிடுகிற வேலையை மிகத் தீவிரமாகச் செய்கிறவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய ஆட்டம் பேஸ்போல். அதிலே லெஃப்ட் ஃபீல்ட் என்று ஓர் இடம் உண்டு. பந்தை அடிப்பவரின் இடத்திலிருந்து பார்த்தால் இடப்புறத்து வெளிக்களம். அந்த இடத்தில் நின்றவர்களில் மிகப் பெரியவர் யார் என்று அவர்கள் சண்டை பிடிக்காத வருடமே இல்லை. 1941இல் 0.406 சராசரி வைத்த, அதாவது பத்துத் தடவைக்கு நாலு தடவைக்கு மேல் வெற்றிகரமாக அடித்த, டெட் வில்லியம்ஸா? மொத்தம் 762 ஹோம் ரன் அடித்த பெரி பொண்ட்ஸா? 1,406 தளங்களைத் திருடி ஓடிய ரிக்கி ஹெண்டர்சனா? அங்கே முதலில் அட்டையும் தாயக்கட்டையும் வைத்து ஒரு விளையாட்டு வந்தது. 1951இல் ஏ.பி.பி.ஏ. என்ற பெயரிலும், 1961இல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பெயரிலும் வெளிவந்த பெட்டிகளில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை இருக்கும். அவர் உண்மையில் எத்தனை தடவை அடித்தார், எத்தனை தடவை ஆட்டமிழந்தார் என்ற விகிதம் அந்த அட்டையில் எண்களாக இறங்கியிருக்கும். தாயத்தை உருட்டினால் 1941ஆம் ஆண்டு வில்லியம்ஸ் 2001ஆம் ஆண்டுப் பந்துவீச்சாளரைச் சந்திப்பார். பிறகு கணினி வந்தது. ஒரு முழுப் பருவத்தையும் பத்தாயிரம் தடவை கண்ணிமைக்கும் நேரத்தில் ஆடிப் பார்க்கலாம் என்று ஆனது. இதைத்தான் சிமுலேஷன் என்கிறார்கள். நான் பாவனை ஆட்டம் என்று சொல்கிறேன்.

இது அமெரிக்கர்களுக்கு மட்டும் சொந்தமான சங்கதி என்று நினைக்க வேண்டாம். இங்கே இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் இதை வகுப்பிலே ஆடியவர்கள்தான். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் சமூகக்கல்விப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறப்பீர்கள். இடப்பக்கத்து இலக்கத்தின் கடைசி எண் 2 என்றால் இரண்டு ஓட்டம், 4 என்றால் நாலு, 6 என்றால் ஆறு, 8 என்றால் எட்டு, பூச்சியம் வந்தால் அவுட். 8க்கு வேறு விதி வைத்திருக்கும் பாடசாலைகளும் உண்டு. இந்தப் புத்தகக் கிரிக்கட் முறையான ஒரு பாவனை ஆட்டம். அதைக் கொண்டே இன்றைய விஷயம் முழுவதையும் சொல்லிவிடலாம். ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

ஐந்து முடிவுகள், ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்பு. ஆட்டமிழக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. அப்படியானால் ஓர் ஆட்டமிழப்புக்கு முன்னால் சராசரியாக நாலு தடவை ஓட்டம் விழும். ஓட்டம் விழும்போது சராசரி ஐந்து. நாலை ஐந்தால் பெருக்கினால் இருபது. ஆகவே புத்தகக் கிரிக்கட்டில் யாருடைய பெயரை எழுதினாலும் நீண்ட ஓட்டத்தில் அவருடைய சராசரி 20தான். சங்கக்காரவின் பெயரை எழுதினாலும் 20, பதினோராவதாக வருகிற பந்துவீச்சாளரின் பெயரை எழுதினாலும் 20. இங்கே புத்தகத்துக்கு ஆட்களைத் தெரியாது. பாவனை ஆட்டக்காரரின் வேலை, அந்தப் புத்தகத்துக்கு ஆளைத் தெரியச் செய்வதுதான்.

எப்படிச் செய்வது? பூச்சியம் வருகிற வாய்ப்பை மாற்ற வேண்டும். சங்கக்கார 134 டெஸ்ட், 233 இனிங்ஸ், 17 தடவை ஆட்டமிழக்காமல், 12,400 ஓட்டங்கள், சராசரி 57.40. புத்தகம் அந்தச் சராசரியைத் தர வேண்டுமானால், நூறு தடவை திறந்தால் பூச்சியம் எட்டுத் தடவை வர வேண்டும். சதாசிவம் முதல்தரப் போட்டிகள் 11 ஆடினார். 18 இனிங்ஸ், 753 ஓட்டங்கள், மூன்று சதம், சராசரி 41.83. அவருடைய புத்தகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினொரு தடவை பூச்சியம். அவுஸ்திரேலியாவின் சேர் டொனால்ட் பிராட்மனுடைய டெஸ்ட் சராசரியான 99.94க்கு நூற்றுக்கு ஐந்து தடவைகூட வராது. எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையிலே மூன்றே மூன்று பூச்சியங்கள்தான் வித்தியாசம். ஒரு தலைமுறை முழுக்க வாதாடுகிற சங்கதி இவ்வளவு சின்ன இடைவெளியில் இருக்கிறது!

இந்தப் புத்தகம் ஓர் இடத்தில் பொய் சொல்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் பந்தானாலும் நூறாவது பந்தானாலும் ஆட்டமிழக்கும் வாய்ப்பு ஒன்றே என்று அது எண்ணுகிறது. உண்மையில் கண் பழகும் வரை எந்த வீரனுக்கும் ஆபத்து அதிகம். பிராட்மனின் புத்தகத்தை 80 இனிங்ஸ் ஆடினால் நாலு தடவை ஓட்டமெதுவும் இல்லாமல் வெளியேறுவார் என்று கணக்கு வரும். மெய்யாகவே அவர் 80 டெஸ்ட் இனிங்ஸில் ஏழு தடவை அப்படி வெளியேறினார். ஏழாவது, 1948 ஓகஸ்டில் லண்டன் ஓவலில், எரிக் ஹொலிஸின் பந்தில். அன்றைக்கு நாலே நாலு ஓட்டம் எடுத்திருந்தால் சராசரி நூறு. நல்ல பாவனை ஆட்டம் இந்த ஆரம்பத் தடுமாற்றத்தையும் கணக்கிலே எடுக்கும். நம்முடைய இன்றைய தேவைக்குச் சாதாரணப் புத்தகமே போதும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 57.40 பெரிது, 41.83 சிறிது, ஆகவே சங்கக்கார பெரியவர் என்று முடித்துவிட்டால் என்ன? முதலாவது, ஒன்று டெஸ்ட் கணக்கு, மற்றது முதல்தரக் கணக்கு. அது தெரிந்த விஷயம். அதைவிட ஆழமான சிக்கல், 18 என்ற அந்த எண்ணிலே இருக்கிறது. சதாசிவத்தின் கணக்கிலிருந்து சேப்பாக்கத்து 215ஐ மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் 17 இனிங்ஸில் 538. சராசரி 31.6 ஆகிவிடுகிறது. ஒரே ஒரு நாளைய ஆட்டம் பத்து ஓட்டத்தைத் தூக்கியோ இறக்கியோ விடுகிறது. சங்கக்காரவின் கணக்கிலிருந்து அவருடைய மிகப் பெரிய இனிங்ஸை, 2014இல் சிட்டகொங்கில் அடித்த 319ஐ, எடுத்துவிடுங்கள். சராசரி 56.2. ஒன்றேகால் ஓட்டம்தான் அசைகிறது. 319 ஓட்டங்களைப் பிடுங்கினாலும் அந்த மரம் ஆடவில்லை, அவ்வளவு ஆழத்தில் வேர் இருக்கிறது.

அடுத்ததாக, சங்கக்காரவுக்கும் 18 இனிங்ஸ் மட்டும்தான் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். அவருடைய புத்தகத்தை எடுத்து 18 தடவை அவுட் ஆகும் வரை ஆடி, சராசரியைக் குறித்துவைத்து, மறுபடியும் முதலிலிருந்து ஆட வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான தடவை. நூறு தடவையில் 95 தடவை அவருடைய சராசரி ஏறத்தாழ 34க்கும் 87க்கும் இடையில் எங்காவது விழும். கேட்டீர்களா? அதே ஆள், அதே திறமை. ஒரு விதியில் அவர் 34 சராசரிக்காரர், பத்திரிகை அவரை மறந்துவிடும். இன்னொரு விதியில் 87, பிராட்மனுக்கு அடுத்தவர் என்று எழுதுவார்கள். சதாசிவத்தின் 41.83 அந்த வீச்சுக்குள்ளே சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. சங்கக்காரவின் திறமையுள்ள ஒருவர் 18 இனிங்ஸ் ஆடினால், எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவை 41.83 அல்லது அதற்கும் குறைவாகத்தான் எடுப்பார். மறுபக்கமும் சொல்ல வேண்டும். 30 சராசரிக்கு மட்டுமே தகுதியான ஒருவர் அதிர்ஷ்டத்தால் 41.83ஓ அதற்கு மேலோ எடுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு ஏழு. இரண்டுமே நடக்கக்கூடியவை. எண்களை மட்டும் வைத்துக்கொண்டு சதாசிவம் மாமேதை என்றும் நிரூபிக்க முடியாது, சாதாரண நல்ல வீரர் என்றும் நிரூபிக்க முடியாது.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். பாவனை ஆட்டத்திடம் யார் முதலாவது, யார் இரண்டாவது என்று கேட்கக் கூடாது. எவ்வளவு தூரம் வரை தெரியும், எங்கே தெரியாது என்று கேட்க வேண்டும். பத்தாயிரம் பருவம் ஆடிவிட்டு ஒரே ஒரு எண்ணைக் காட்டுகிறவரை நம்பாதீர்கள். அந்தப் பத்தாயிரமும் எங்கிருந்து எங்கே வரை பரவின என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். பரவல் அகலமாக இருந்தால், அந்த அகலத்துக்கு யார் காரணம் என்று தேடுங்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் வீரராக இருக்கமாட்டார். அவருக்கு வாய்ப்புத் தராத காலம் காரணமாக இருக்கும்.

கணிதக்காரர்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் ஆடியவரின் கணக்கோடு, அந்தத் தரத்துச் சராசரி வீரர் ஒருவரின் கணக்கையும் கலந்துவிடுவது. உதாரணத்துக்கு 30 சராசரியில் 18 இனிங்ஸை இருவருக்கும் கலப்போம். சதாசிவத்தின் சராசரி 41.83இலிருந்து 35.9க்கு இறங்கும். சங்கக்காரவின் 57.40, 55.3க்குத்தான் இறங்கும். ஒரே மருந்து, ஒருவருக்கு ஆறு ஓட்டம் போகிறது, மற்றவருக்கு இரண்டு. நாளைக்கு யார் எவ்வளவு அடிப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல இது சரியான முறை, அதிலே எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் போய்விட்ட மனிதருக்கு மதிப்பிடும்போது இது அவரைப் பற்றித் தெரியாததையெல்லாம் சாதாரணம் என்று எடுத்துக்கொள்கிறது. குறைவாக ஆடக் கிடைத்தவன் தரத்திலும் குறைந்தவன் என்று ஆகிவிடுகிறது. அந்த அநியாயத்தைக் கணக்குப் போடுகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சதாசிவத்துக்கு ஏன் 18 இனிங்ஸ் மட்டும்? 1915இல் பிறந்தவர் அவர். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981இல். முதல் டெஸ்ட் 1982 பெப்ரவரி 17இல், அதே சரவணமுத்து மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. அதற்கு முன்னால் பெரிய அணிகளைக் கொழும்பு எப்படிப் பார்த்தது? கப்பல்தான் வழி. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே போகிற கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் நிற்கும். வீரர்கள் இறங்கி ஒரு நாள் ஆடுவார்கள், மாலையானதும் கப்பல் ஏறிவிடுவார்கள். முதல்தரப் போட்டி என்ற பதிவுக்கே அந்த ஒரு நாள் ஆட்டங்கள் தகுதி பெறாது. உலகின் முதல் வரிசைப் பந்துவீச்சை எதிர்கொள்ள நம்மவருக்குக் கிடைத்தது பல நேரங்களில் அந்த ஒரு பகல்தான். மேற்கிந்திய வீரர் ஃபிராங்க் வொரெல் போன்றவர்கள் சதாசிவத்தை உலகின் முதல் வரிசையில் வைத்துப் பேசினார்கள் என்று இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிறுத்த எண்கள் போதவில்லை. இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என்று மூன்று இடங்களின் அணிகளுக்குத் தலைமை தாங்கியவர் அவர். மனைவியின் கொலை வழக்கில் 1951இல் கைதாகி, 1953இல் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அந்த வருடங்களும் ஆட்டத்திலிருந்து போயின.

1948 மார்ச்சில் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து போகிற வழியில் கொழும்பில் இறங்கியபோது இலங்கையின் தலைவர் சதாசிவம். அன்றைக்கு ஆடுகளம் 22 யார் இருக்க வேண்டிய இடத்தில் 20 யார்தான் இருந்தது என்று பிறகு தெரியவந்தது. பிராட்மன் தலைமை தாங்கிய அணிக்கு எதிராக நம்மவர்கள் ஆடிய ஆட்டத்தில் அடிப்படை அளவே பிசகியிருக்கிறது! பந்து இரண்டு யார் முன்னாலேயே வந்துவிடுகிறது. துடுப்பாட்டக்காரர் முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது. அந்த நாளைய ஓட்ட எண்ணிக்கையை எந்தப் புத்தகத்தில், எந்தத் திருத்தத்தோடு எழுதுவது?

ஆடுகளம், மைதானம், காற்று, மழை, இவையெல்லாம் திருத்தம் கேட்கிற விஷயங்கள். இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ரத்தோட்டைப் பக்கமிருந்து ஏறி வருகிறவர் இந்த முகட்டில் பனிமூட்டத்தில் நனைகிறார். அந்தப் பக்கம் இலுக்கும்புரவுக்கு இறங்கினால் வெயில். சில மைல் தூரத்தில் மண்ணின் ஈரமே வேறு. இந்தக் காற்றில் ஒருவர் தூக்கி அடித்த பந்தும், தம்புள்ளைச் சமவெளியில் அடித்த பந்தும் ஒரே பந்தல்ல. பேஸ்போல்காரர்கள் இதற்கென்று ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு திருத்த எண் வைத்திருக்கிறார்கள். பொஸ்டன் நகரத்து ஃபென்வே பார்க்கில் இடப்புற வெளிக்களத்துக்குப் பின்னால் 37 அடி உயரப் பச்சைச் சுவர் ஒன்று நிற்கிறது. அதன் முன்னால்தான் வில்லியம்ஸ் நின்றார், 1961இலிருந்து அவருடைய இடத்தில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி நின்றார். மற்ற ஊரில் சாதாரணமாகப் பிடிபட்டுப் போகிற பந்து அங்கே சுவரில் பட்டு வெற்றிகரமான அடியாகும். மற்ற ஊரில் வெளியே போகிற பந்து அங்கே சுவரில் மோதித் திரும்பும். ஸ்டான் மியூசியல் என்று இன்னொருவர், அவரும் இடப்புற வெளிக்களத்தில் பல வருடம் நின்றவர். மொத்தம் 3,630 தடவை வெற்றிகரமாக அடித்தார். சொந்த மைதானத்தில் 1,815, வெளி மைதானங்களில் 1,815. அவருக்கு எந்தத் திருத்தமும் தேவைப்படாது. அப்படிப்பட்டவர்கள் அபூர்வம்.

சங்கக்காரவுக்கும் திருத்தம் உண்டு. அவருடைய ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், நானும் அவர்களில் ஒருவன்தான். வங்கதேசத்துக்கு எதிராக 15 டெஸ்ட்டில் அவர் 1,816 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 95க்கு மேல். அந்த அணி அப்போது வளர்ந்துவந்த அணி. அவற்றை நீக்கினால் மற்ற அணிகளுக்கு எதிரான சராசரி 54க்குச் சற்றுக் கீழே. ஆனால் மேலே தூக்குகிற திருத்தமும் இருக்கிறது. 48 டெஸ்ட்டில் அவர் விக்கட் காப்பாளராகவும் இருந்தார். ஒரு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, மறுநாள் மூன்றாம் இலக்கத்தில் துடுப்பெடுத்தாட வேண்டும். அந்த ஆட்டங்களில் சராசரி 40.48. காப்பாளர் கையுறை இல்லாமல் ஆடிய மற்ற 86 டெஸ்ட்டில் 66.78. அந்த 66.78ஐ நான் பல தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 86 டெஸ்ட் என்பது சின்ன எண்ணல்ல. நூறு வருடத்துக்கு மேற்பட்ட டெஸ்ட் வரலாற்றில் அந்த உயரத்தை அவ்வளவு நீண்ட காலம் தாங்கியவர்களைத் தேடினால் விரல்விட்டு எண்ணலாம். அந்தக் காப்பாளர் வேலையை வேறொருவர் முதலிலிருந்தே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஒரு நல்ல பாவனை ஆட்டத்துக்கான கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போதிய எண்களும் இருக்கின்றன.

காலத்துக்கும் திருத்தம் வேண்டும். சதாசிவத்தின் நாளில் தலைக்கவசம் கிடையாது, மழை பெய்த ஆடுகளத்தை இன்றைக்குப் போல மூடிவைப்பதும் கிடையாது. சங்கக்காரவின் பிற்பாதிக் காலத்தில் நடுவரின் முடிவைத் திரையில் மறுபரிசீலனை செய்யும் முறை வந்தது. அது டெஸ்ட்டில் முதலில் பரீட்சிக்கப்பட்டதும் 2008இல் நம் நாட்டில், இந்திய அணி வந்தபோதுதான். இன்னொன்று, பொதுத்தரம். ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர் ஒரு கேள்வி கேட்டார். 1941இல் வில்லியம்ஸ் 0.406 அடித்தார், அதற்குப் பிறகு பேஸ்போலில் ஏன் ஒருவரும் 0.400ஐத் தொடவில்லை? வீரர்கள் தேய்ந்துவிட்டார்களா? இல்லை, எல்லாரும் உயர்ந்துவிட்டார்கள் என்றார். சாதாரண வீரரின் தரம் மேலே வந்தபோது உச்சியில் நிற்பவருக்கும் அவருக்கும் உள்ள தூரம் குறைந்தது. பழைய காலத்து உச்ச எண்கள் பெரிதாகத் தெரிவதற்கு அன்றைக்கு அடித்தட்டு தாழ்வாக இருந்ததும் ஒரு காரணம். இந்தக் கத்தி சதாசிவத்தின் மீதும் விழும். கொழும்பின் சில கழகங்களும் சில பாடசாலைகளும்தான் அன்றைய இலங்கைக் கிரிக்கட். எதிரணியில் நின்ற எல்லாரும் உச்சத் தரத்தினர் என்று சொல்ல முடியாது. அவருடைய ரசிகர்கள் இதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு பருவம் முழுக்க எனக்காக ஆட ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் சங்கக்காரவைத்தான் அழைப்பேன். அவருடைய திறமை பற்றி 216 ஆட்டமிழப்புகள் சாட்சி சொல்கின்றன. எந்தத் திருத்தத்தைப் போட்டாலும் அவர் 50க்குக் கீழே எளிதில் இறங்கமாட்டார். ஆனால் சதாசிவம் அவருக்குக் கீழே என்று எழுதுகிற அட்டவணை ஒன்றை யாராவது காட்டினால் அதை ஏற்கமாட்டேன். இருக்கிற சாட்சியத்துக்கு அந்தத் தீர்ப்பை எழுதும் பலம் கிடையாது.

அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் அண்மையில் செய்த ஒரு காரியம் நம் எல்லாருக்கும் முக்கியம். அங்கே 1947 வரை கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் தங்களுக்கென்று தனி லீக்குகள் நடத்தினார்கள். மொன்ட்டி இர்வின் என்ற அருமையான இடப்புற வெளிக்களத்தார் நியூவார்க் ஈகிள்ஸ் அணியில் தன் இளமையைக் கழித்துவிட்டு, 1949இல், முப்பது வயதில்தான், நியூயோர்க் ஜயண்ட்ஸில் கால் வைத்தார். இரண்டே வருடத்தில், 1951இல், 121 ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்து நஷனல் லீக்கில் முதலிடம் பெற்றார். இருபது வயதுகளில் அவர் என்ன செய்திருப்பார்? வில்லியம்ஸும் இரண்டாம் உலகப் போரில் மூன்று முழுப் பருவங்களையும், கொரியப் போரில் ஏறத்தாழ இரண்டு பருவங்களையும் விட்டார். ஆனால் அவருடைய இழப்புக்கு இரண்டு பக்கத்திலும் எண்கள் இருக்கின்றன, நடுவிலே பாலம் போடலாம். இர்வினுக்கு அப்படி இல்லை. 1920 முதல் 1948 வரையிலான கறுப்பின லீக்குகளைப் பெரிய லீக்காக 2020இல் அங்கீகரித்தார்கள். 2024இல் அவற்றின் எண்களைப் பொதுப் பதிவில் சேர்த்தார்கள். ஜோஷ் கிப்சன் 0.372 சராசரியோடு அன்று வரை முதலில் இருந்த டை கொப்பைத் தாண்டி மேலே வந்தார். இது எப்படி முடிந்தது? யாரோ பழைய பத்திரிகைகளைத் தேடி, ஒவ்வோர் ஆட்டத்தின் ஓட்டப் பதிவையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். பல வருட உழைப்பு. பதிவு கிடைத்த பிறகுதான் கணினிக்கு வேலை.

நம்முடைய மலையைப் பாருங்கள். பிராட்மன் கொழும்பில் இறங்கிய அதே 1948இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்திலே கொழுந்தெடுத்தவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதியது. அந்த லயங்களிலும் பிள்ளைகள் இருந்தார்கள், மட்டை இருந்தது, கோயில் திடலில் பந்து உருண்டது. அவர்களில் ஒருவன் எவ்வளவு பெரிய வீரன் என்று பாவனை ஆட்டம் சொல்லாது. அதற்கு 18 இனிங்ஸ்கூடக் கிடையாது. முத்தையா முரளிதரனின் தாத்தா தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். கண்டியில் தொழில் நடத்திய தந்தை, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானம், இவை பேரனுக்குக் கிடைத்தன. 133 டெஸ்ட்டில் 800 விக்கட்டுகள் வந்தன. அந்த மைதானம் கிடைக்காத எத்தனையோ பேரன்கள் இந்த மலைகளில் வளர்ந்தார்கள். இலங்கையின் எல்லாக் காலத்துச் சிறந்த அணி என்று யாராவது பட்டியல் போடும்போது, அந்தப் பட்டியல் யாரிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது என்று நான் முதலில் பார்க்கிறேன். பந்தெறிய இடம் கிடைத்தவர்களிடமிருந்து மட்டும்தான். இதை நினைக்கும்போது எனக்கு ஆத்திரமும் துக்கமும் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

போனதை மீட்க முடியாது. இனி நடக்கப்போவதையாவது எழுதிவைக்க முடியும். ஆசிரியர்களிடம் இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன். உங்கள் பாடசாலை ஆட்டங்களுக்கு ஓட்டப் பதிவுப் புத்தகம் வையுங்கள். சிறிய தோட்டப் பாடசாலையானாலும் சரி, பொங்கலுக்கு நடக்கிற ஆறு ஓவர் போட்டியானாலும் சரி. எடுத்த ஓட்டத்தோடு நிற்காமல், சந்தித்த பந்துகளையும் எழுதுங்கள். ஆட்டமிழந்தாரா, ஆட்டமிழக்காமல் நின்றாரா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். எதிரணி, மைதானம், திகதி, அன்றைய மழை, ஆடுகளம் சீமெந்தா, மண்ணா, பாய் விரித்ததா என்று எழுதுங்கள். பெண் பிள்ளைகளின் ஆட்டத்தையும் அதே புத்தகத்தில், அதே கவனத்தோடு எழுதுங்கள். புத்தகம் நிரம்பியதும் பழைய தாள்களோடு எடைக்குப் போடாமல் நூலகத்தில் ஓர் இலக்கம் கொடுத்து வையுங்கள். மாத்தளையில், ரத்தோட்டையில், உக்குவளையில் வயதானவர்களின் அலமாரியில் பழைய கழகப் பதிவுகள் கிடந்தால் பிள்ளைகளை அனுப்பிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பாட ஆசிரியர்கள் அந்த எண்களைக் கொண்டே சராசரியும் பரவலும் கற்பிக்கலாம். உயர்தர மாணவர்கள் கணினியில் ஆடிப் பார்க்கலாம்.

முதல் புத்தகத்தை எந்தப் பாடசாலை ஆரம்பிக்கப்போகிறது என்று இந்த அவை கலைவதற்கு முன் சொல்லுங்கள். பதிவு எப்படி வைப்பது என்று காட்டித்தர மாலை வரை இங்கேதான் இருப்பேன்.